எறியச் சொன்னால் எறிந்துவிடுவதா?

மீன்தொட்டியின் பின்விளிம்பில் கொழுவித் தொங்கவிடுகிற ஃபில்டர் பெட்டி வாங்கின ஆக்களுக்கு, அதன் மட்டையில் இருக்கிற ஒரு வரி தெரிந்திருக்கும்: காட்ரிஜை நாலு கிழமைக்கு ஒருக்கால் மாற்றவும். எங்களுக்குச் சண்டை இந்த வரியோடுதான். காட்ரிஜ் விற்கிறவருக்கு அது நல்ல வரி. தொட்டிக்குள் நீந்துகிற மீனுக்கு அது மரண அறிவித்தல்.

நாயாறு, செம்மலை, அளம்பில் பக்கம் மீன் வளர்க்கிற பெடியள் பெட்டையளுக்கு இந்தக் கதை பழக்கம். சின்னத் தொட்டி, பத்துக் கப்பி, ஒரு தொங்கு ஃபில்டர். முதல் மாதம் சமாளித்துப் போகும். பிறகு மட்டையில் சொன்னபடி பழைய காட்ரிஜை எறிந்துவிட்டுப் புதுசைப் போடுவோம். நாலைந்து நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த நாள் மிதக்கும். கடையில் போய்க் கேட்டால், "சாப்பாடு கூடப் போட்டிருப்பியள்" என்று சொல்லி ஒரு மருந்துப் போத்தலைக் கையில் தருவார்கள். சொன்னதை அப்படியே செய்த பிள்ளைதான் கடைசியில் குற்றவாளி. மருந்துக்கும் காசு, புது மீனுக்கும் காசு, அடுத்த மாதக் காட்ரிஜுக்கும் காசு.

உண்மையில் நடந்தது என்ன? மீனின் செவுளும் கழிவும், மிஞ்சின சாப்பாடும் தண்ணீருக்குள் அமோனியாவை விடுகின்றன. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவுக்குத் தாங்கும், கிழமைக்கொருக்கால் கொஞ்சத் தண்ணீர் மாற்றினால் போதும். பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டம் என்று கீறிப் புள்ளி எடுத்தோமே, அதேதான். அங்கே இரண்டாவது வேலைக்கு நைத்திரோபக்டர் என்று எழுதினோம். நன்னீர்த் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைத்திரோஸ்பைரா என்று 1998 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

பெயர் எதுவானாலும், இந்தப் பற்றீரியாக்கள் மிதந்து திரிவது குறைவு. எதையாவது பிடித்து ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்குப் பெருக நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். இப்போது அந்த வரியைத் திரும்ப வாசியுங்கள். குடியிருப்பு ஒரு மாதிரி உருவாகி வருகிற நேரத்தில், நாலாம் கிழமையில், வீட்டோடு சேர்த்துக் குப்பையில் போடச் சொல்கிறது. மண்ணும் செடியும் நிறைய இருக்கிற பெரிய தொட்டி என்றால் அங்கே ஒட்டியிருக்கிற பற்றீரியா கைகொடுக்கும். வெறும் கண்ணாடியாக இருக்கிற சின்னத் தொட்டிக்கு அந்தத் தப்புவழி இல்லை. சின்னத் தொட்டிதான் எங்களிடம் இருக்கிறது.

நாயாற்றுக் களப்பில் யார் வந்து காட்ரிஜ் மாற்றுகிறார்கள்? சேறும், மணலும், கண்டல் வேரும் பற்றீரியாவுக்கு இடம் கொடுத்து அப்படியே கிடக்கின்றன. மாறுவது தண்ணீர். மழை வருகிறது, கடல் வருகிறது. தொட்டிக்கும் அதே கணக்குத்தான்: தண்ணீரை மாற்று, குடியிருப்பைக் கலைக்காதே.

அந்தக் காட்ரிஜைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்ரிக் சட்டம், மெல்லிய துணி, உள்ளே கொஞ்சக் காபன். காபன் நிறத்தையும் மணத்தையும் மருந்து மிச்சத்தையும் பிடிக்கும், சில கிழமையில் நிரம்பிவிடும். அமோனியாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மருந்து போட்ட பிறகு தண்ணீரைச் சுத்தமாக்கத் தேவைப்படும் சாமானை மாதாமாதம் வாங்க வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இப்படியான அறிவுறுத்தல்கள் குளிர்நாட்டுத் தொட்டியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கட தொட்டி ஹீற்றர் இல்லாமலே 30 பாகையில் நிற்கும். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஒட்சிசன் பிடிக்கும். 30 பாகையில் ஏழரைதான். அமோனியாவின் நச்சுப் பங்கும் சூட்டோடு கூடும், pH 7 இலிருந்து 8 ஆனால் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். அங்கே தப்புகிற பிழை இங்கே தப்பாது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இது: பெட்டி நல்ல பெட்டிதான். மோட்டர், தொட்டி விளிம்பு, திறந்த மூடி எல்லாம் வசதி. உள்ளே வைக்கிற சாமானை நாங்கள் தீர்மானிப்போம். அக்வாகிளியர் மாதிரிச் சில பெட்டிகள் காட்ரிஜே இல்லாமல், அலசித் திரும்பப் போடுகிற ஸ்பொஞ்சோடுதான் வருகின்றன. செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தண்ணீர் வருகிற பக்கம் முதலில் பெரிய துளை ஸ்பொஞ் ஒன்றைப் பெட்டிக்கு அளவாக வெட்டி வையுங்கள். அதற்குப் பிறகு மெல்லிய பஞ்சு. கடைசியில் செரமிக் வளையங்கள். வளையம் வாங்கக் காசில்லையா? உடைந்த செங்கல்லைச் சின்னத் துண்டாக்கி, தூசி போகக் கழுவிப் போடுங்கள். அதிலும் துளை இருக்கிறது. பஞ்சு என்றால் தலையணைக்குள் இருக்கிற பொலியெஸ்டர் பஞ்சு. இலவம்பஞ்சு வேண்டாம், அழுகும். கோப்பை கழுவுகிற ஸ்பொஞ்சும் வேண்டாம், சிலதில் கிருமிகொல்லி இருக்கும். முருகைக்கல் போட்டால் தண்ணீரின் கடினமும் pH உம் ஏறும். கரையில் கிடந்தாலும் அள்ளாதீர்கள், அது கடலுக்குத் தேவை.

உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பொஞ்சை மாட்டினால் கப்பிக் குஞ்சு உள்ளே இழுபடாது, பற்றீரியாவுக்கும் இன்னொரு வீடு. அதைக் கிழமைக்கொருக்கால் அலச வேண்டும். ஃபைட்டர் வளர்க்கிற ஆக்கள் தண்ணீர் விழுகிற இடத்தில் வெட்டின பிளாஸ்ரிக் போத்தல் துண்டு ஒன்றை வைத்தால் வேகம் அடங்கும்.

மாற்றி அமைக்கிற எல்லாமே நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பெட்டியை இறுக்கி அடைத்தால் தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள்ளால் போகாமல் மேலால் தாண்டி ஓடும். பார்க்க ஓடுகிற மாதிரி இருக்கும், வேலை நடக்காது. மட்டையில் போட்டிருக்கிற மணித்தியால லீற்றர் கணக்கு பெரும்பாலும் வெறும் பெட்டிக்குரியது. 60 லீற்றர் தொட்டிக்கு 240 தொடக்கம் 300 லீற்றர் ஓட்டம் உண்மையில் வேண்டும் என்றால், அதைவிடக் கூடப் போட்டிருக்கிற பெட்டியை எடுங்கள். பழைய காட்ரிஜை உடனே எறியவும் வேண்டாம். புதுச் சாமானோடு சேர்த்து ஆறு கிழமை வைத்திருந்துவிட்டு எடுங்கள். ஸ்பொஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் அலசினால் எறிந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கரண்ட் கதையையும் பேச வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மின் நின்றால் பெட்டிக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கும், ஒட்சிசன் குறையும், பற்றீரியா சாகத் தொடங்கும். காட்ரிஜ் சட்டத்தோடு இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்பொஞ் வைத்திருப்பவர் அதைத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே போடலாம். கரண்ட் வந்ததும் பெட்டியில் தேங்கின தண்ணீரை வெளியே ஊற்றுங்கள். ஸ்பொஞ்சைத் திரும்ப வைத்து, தொட்டித் தண்ணீரில் ஒரு கோப்பை பெட்டிக்குள் விட்டு மோட்டரைப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் மோட்டர் தேயும்.

"திறந்தால் வொரண்டி போகும்" என்பார்கள். காட்ரிஜை எடுத்துவிட்டு ஸ்பொஞ் வைப்பதற்கு ஒரு ஆணியும் கழற்றத் தேவையில்லை. "சனம் படுகிற பாட்டுக்குள் மீன்தொட்டி ஒரு பிரச்சினையா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கப்பி பெருக்கி விற்றுக் கொப்பிக் காசு பார்க்கிற பிள்ளைக்கு அது பிரச்சினைதான். மாதாமாதம் எறிந்து வாங்க அந்தப் பிள்ளையைப் பழக்குவது அதைவிடப் பெரிய பிரச்சினை. இன்றைக்குக் காட்ரிஜ், நாளைக்குத் திறக்கவே முடியாத ஃபோன், அதற்கடுத்து விதை.

பொருளாதாரத் தடைக்குள் 1990 களில் எங்கட அம்மாக்கள் ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தினார்கள். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. அந்தக் கஷ்டத்தைக் கொண்டாட எங்களுக்கு விருப்பமில்லை, அது திரும்பவும் வேண்டாம். ஆனால் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அந்த வீடுகளில் இருந்தது. கடைகள் திறந்த பிறகு அதை நாங்கள் ஏன் கைவிட வேண்டும்?

இந்தக் கிழமை காட்ரிஜ் மாற்றுகிற முறை என்றால் மாற்றாதீர்கள். பழைய தொட்டித் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகுங்கள். கடைக்குப் போனால், "காட்ரிஜ் வேண்டாம், வெட்டுற ஸ்பொஞ் இருந்தால் தாங்கோ" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த மாதம் கடையில் அது தொங்கும்.