நாம்பனுக்குக் கணக்கு வேண்டாமா?

பால் தராத மாட்டுக்குப் பதிவு எதற்கு என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி வைத்திருப்போர் கேட்கின்றனர். பசுவைப் பதிவதில் எவருக்கும் மறுப்பில்லை. நாகையும் பதியலாம்; நாளை அது கன்று ஈனும். நலமடித்த நாம்பனுக்கும், வண்டில் இழுக்கும் எருதுக்கும், ஈன்று ஓய்ந்த கிழப்பசுவுக்கும் காதிலே வில்லை பூட்டி, ஏட்டிலே எழுதி, அதற்காக ஒரு நாளையும் பணத்தையும் இழப்பது வீண் என்பதே பலரது எண்ணம். இவ்வெண்ணத்தில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆயினும், இது எமது கமக்காரருக்கே முடிவில் கேடாய் முடியும் என்பதைச் சொல்லாதிருக்கவும் எம்மால் இயலாது.

செலவை முதலிற் பார்ப்போம். காது வில்லையின் விலையை மட்டும் கணக்கிட்டு, 'இதுவும் ஒரு செலவா?' என்று கேட்கும் உத்தியோகத்தர் மாடு வளர்த்தவரல்லர். தொழுவத்திற் கட்டி வளர்க்கும் பசுவுக்கு வில்லை பூட்டுவது சில நிமிட வேலை. காட்டிலும் வெளியிலும் மேய்ந்து திரியும் பட்டிமாட்டின் கதை வேறு. அதைச் சாய்த்துக் கொண்டுவர இருவர் வேண்டும். அடைக்கக் காலை வேண்டும். கயிறெறிந்து பிடித்து வீழ்த்தக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் சோறும் கொடுக்க வேண்டும். எல்லாம் ஆயத்தமான நாளில் மிருக வைத்தியர் வேறோர் அவசரத்துக்குப் போய்விட்டால், மறுநாளும் அதே செலவு. பூட்டிய வில்லையோ முட்பற்றையிற் சிக்கிக் காதோடு கிழிந்து போவதுண்டு. பத்துக் கன்று பிறந்தால் ஏறக்குறைய ஐந்து நாம்பனாகவே இருக்கும் என்பது இயற்கையின் கணக்கு. ஆகவே, நாம்பனையும் பதிவதென்றால் சிறு வளர்ப்பாளனுக்குக் கன்றுப் பதிவுச் செலவு இரட்டிக்கிறது. பாலில் ஒரு துளியும் தராத உயிருக்காக அந்த இரண்டாம் பங்கைச் செலுத்த வேண்டியவன், நூறு மாட்டுக்காரனல்லன். மூன்று பசுவை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் பதிவு வேண்டும் என்றே நாம் வற்புறுத்துகிறோம். ஏன்?

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. விடிந்து பார்த்தபோது மேய்ச்சல் வெளிகளிலே மாடுகள் விறைத்துக் கிடந்தன. குளிர் பசுவென்றும் நாம்பனென்றும் பார்க்கவில்லை. ஆனால், நட்டத்தைக் கணக்கெடுக்க வருபவர் பார்ப்பார். எத்தனை மாடு செத்தது, அது உன்னுடையது என்பதற்குச் சான்றென்ன என்று கேட்பார். ஏட்டில் இருப்பதற்கே அவரால் பதில் எழுத முடியும். ஏட்டில் இல்லாத நாம்பன் செத்தால், அரசினரின் கண்ணுக்குச் சாவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இதனிலும் பெரிய விடயம் மேய்ச்சற்றரை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையிலே அத்துமீறிய குடியேற்றத்தை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியிலே தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அங்கே மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன. இறந்த மாட்டின் உரிமையாளன் பொலிசுக்கும் நீதிமன்றுக்கும் எதைக் கொண்டு போவது? குறிசுட்ட அடையாளம் தோலில் இருக்கும், தோல் அழுகிவிடும். ஏடு அழுகாது. அது மட்டுமா? ஒரு பட்டிக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பது மாட்டின் தொகையைக் கொண்டே சொல்லப்படும். எமது பட்டிகளிலே பசுக்களை மட்டும் எழுதி நாம்பன்களை மறைத்து வைத்தால், "உங்கள் மாடு இவ்வளவுதானே, இந்த வெளி உங்களுக்கு எதற்கு?" என்று கச்சேரியிலே கேட்பவனுக்கு நாமே வாயைத் திறந்து கொடுத்தவர்களாவோம். புல்லைத் தின்பதில் நாம்பன் பசுவுக்குக் குறைந்ததன்று.

நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் வட மாகாணத்திலே பரவிய தோற்கழலை நோயைக் கண்டவர்களுக்கு அது தெரியும். கடிக்கும் ஈயும் நுளம்பும் அதைப் பரப்பின. பசுவுக்கு மருந்தேற்றி நாம்பனை விட்டுவிட்டால் கால்வாய் நோயும் அந்த வழியாலேயே மறுபடி பட்டிக்குள் நுழையும்.

அதே 2020இல் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது எம்மவருட் பலர் மகிழ்ந்தனர். மகிழட்டும். ஆனால், அறுக்காது விடப்படும் நாம்பனும் கிழப்பசுவும் எத்தனை, அவற்றை எவர் எங்கே வைத்துத் தீனி போடுவது என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்டதாக நாம் அறியோம். சவாரிக்கு ஓடும் சோடி எருதுகளை ஊரே அறியும். மற்றவற்றை யார் எண்ணினார்கள்?

ஆகவே பதிவு வேண்டும். செலவை யார் சுமப்பது என்பதே வழக்கு. பித்த மாட்டு நோய் மனிதரையும் தாக்குமென்று 1996இல் தெரியவந்தபோது, பிரித்தானியாவில் அவ்வாண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் பிறந்த ஒவ்வொரு மாட்டுக்கும் கடவுச்சீட்டுக் கட்டாயமாயிற்று. இறைச்சிக்கு வளர்க்கும் நலமடித்த எருதுக்கும் அதில் விலக்கில்லை. காது வில்லையை உரியவன் வாங்கினான். கடவுச்சீட்டுக்கு அரசு காசு கேட்கவில்லை. கடலுக்கு அப்பால் இந்தியாவிலே 2019இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்திலே 12 இலக்கமுள்ள வில்லையின் செலவையும் மத்திய அரசே ஏற்றது. வில்லை பூட்டுவோர் ஊசியோடு ஊருக்கே சென்றனர். எமது நாட்டிலோ ஏடு அரசினருக்குத் தேவை. செலவு மட்டும் ஏழைக்கு! நோயைத் தடுப்பது பொதுநன்மை என்றால் அதன் விலையும் பொதுப்பணத்திலிருந்தே வரவேண்டும். பத்து மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்போரிடம், பால் தராத மாட்டின் பதிவுக்கு ஒரு சதமேனும் கேட்கக் கூடாது. கிழிந்து விழுந்த வில்லைக்கு மறு வில்லையும் இலவசமாகவே கிடைக்க வேண்டும்.

நகரத்திலே உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்களுட் சிலருக்கு ஊரிலே பட்டியுண்டு, மேய்ப்பவன் வேறொருவன். கூலிக்குப் பதிலாக அவனுக்கு நாம்பன் கன்றைக் கொடுத்திருந்தால், அதை அவன் பெயரிலேயே பதியுங்கள். வாய்ச்சொல்லால் கொடுத்த கன்று உங்கள் பெயரில் ஏறுமானால், நட்டஈடு உங்களுக்கும் நட்டம் அவனுக்குமாகும். சட்டத்தரணிகளாய் உள்ளோர், பட்டிக்காரர் சங்கங்களுக்கு இந்த ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்கப் பழக்கிக் கொடுத்தால் அது பத்து மேடைப் பேச்சுக்கு மேலான தொண்டு.

மாகாணக் கால்நடைத் திணைக்களத்தாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஊருக்கொரு நாளைக் குறித்து முன்கூட்டியே அறிவியுங்கள். காலை கட்டவும் மாடு பிடிக்கவும் ஆட்கூலியைத் தாருங்கள். மாடு உங்களைத் தேடி வராது. நீங்களே பட்டிக்கு வரவேண்டும். அதுவும் மாரி பிறக்குமுன், புரட்டாதிக்குள் வந்துவிடுங்கள். மழை தொடங்கினால் வெளிகளுக்கு வண்டி போகாது. வில்லை பூட்டிய காதிலும் இலையான் மொய்த்துப் புழு வைத்துவிடும்.