தாபரிப்பில் மருந்துச் செலவும் இருக்கட்டும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் தாபரிப்பு வழக்கென்றால் ஊர்காவற்றுறை நீதிவான் நீதிமன்றம்தான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இந்த விடயத்தில் தெளிவானது. வசதியிருந்தும் பிள்ளையைப் பார்க்காமல் விட்ட தாய்க்கோ தகப்பனுக்கோ, அவர்களுடைய வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்து, நீதிவான் மாதாந்தக் கொடுப்பனவு விதிக்கலாம். பெற்றோர் திருமணம் செய்யாதவர்கள் என்பதற்காகப் பிள்ளையின் உரிமை போய்விடாது. உத்தியோகத்தர் என்றால் சம்பளத்திலிருந்தே கழிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

தொகை பேசும்போது சாப்பாடு, உடுப்பு, ரியூசன் காசு எல்லாம் கணக்கில் வரும். பிள்ளைக்கு வருத்தம் வந்தால் யார் பார்ப்பது என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதேயில்லை. ஆஸ்பத்திரி இலவசம்தானே என்ற நினைப்புத்தான் காரணம். இலவசம்தான், இந்த நாட்டின் பெரிய கொடை அது. ஆனால் நெடுந்தீவுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் என்றால் குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலக் கடற்பயணம், பிறகு பஸ், படகைத் தவறவிட்டால் தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு, தாய்க்கு ஒரு நாள் கூலி இல்லை. ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்துக்கு வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். முட்டு வருத்தக்காரப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் அந்தத் துண்டுகள் மடித்தபடி கிடக்கும். அத்தனையும் பிள்ளையோடு இருப்பவர் தலையில்தான். 2017இல் வந்த சுரக்ஷா காப்புறுதியும் பாடசாலை மாணவருக்கானது. கைக்குழந்தைக்கு அது உதவாது.

புங்குடுதீவாரும் நயினாதீவாரும் நிறையப் பேர் வாழும் கனடாவில் 1997 முதல் விவாகரத்து வழக்குகளுக்குப் பிள்ளைப் பராமரிப்பு வழிகாட்டு விதிகள் உண்டு. நியாயமான கட்டணத்தில் மருத்துவ, பல் காப்புறுதி கிடைக்குமென்றால் அதைப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் பெற்றோருக்குக் கட்டளையிடலாம். காப்புறுதி ஈடுசெய்யாத மருத்துவச் செலவு வருடத்துக்கு 100 டொலரோ அதற்கு மேலோ ஆனால், அதை இருவரும் வருமானத்துக்கேற்பப் பகிரவும் வழியுண்டு. பிள்ளையின் வருத்தத்தைத் தனிக் கணக்காகவே அந்தச் சட்டம் பார்க்கிறது.

நம்மிடம் தொழிலாளிக்குக் காப்புறுதி தரும் வேலைகள் குறைவு. கடற்றொழிலாளிக்குச் சம்பளச் சீட்டுமில்லை. அதனால் காப்புறுதியை அப்படியே கேட்பது பொருந்தாது. செலவில் பங்கு கேட்பது பொருந்தும். இணக்கமாக முடியும் வழக்கென்றால், மாதத் தொகைக்கு மேலாக வைத்தியச் செலவில் இன்ன பங்கு என்று எழுதிக்கொள்ளச் சட்டத்தரணிகள் வழிகாட்ட வேண்டும். நிலைமை மாறினால் தொகையை மாற்றித் தரும்படி திரும்பவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

தாய்மாரே, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டையும் கிளினிக் கொப்பியையும் கவனமாக வைத்திருங்கள். அவைதான் உங்கள் சாட்சி. சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தகப்பன்மாரே, மனைவியோடு உள்ள கோபத்தைப் பிள்ளையின் மருந்தில் காட்டாதீர்கள்.