திருட்டு நடந்தது எந்த ஊரில்?

பூட்டை உடைத்துப் பொருளைத் திருடினால், எந்தக் காவல் நிலையத்தில் புகார் அளிப்பது என்பதில் ஐயமில்லை. ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு நுட்பமோ, வாடிக்கையாளர் பட்டியலோ களவு போனால்? புணே நிறுவனத்தின் ரகசியத்தை, பெங்களூரில் வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியர் நகலெடுக்கிறார். தகவல் இருந்த கணினி ஹைதராபாதில். அதனால் பயனடையும் போட்டி நிறுவனம் குருகிராமில் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் நடந்த இடம் எது?

1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் அசையும் சொத்து என்பது பருப்பொருளை மட்டுமே குறித்தது. ஆவணத்தை நகலெடுத்துவிட்டுத் திருப்பி வைத்தாலும், அதிலுள்ள தகவல் திருட்டுக்கு உள்ளாகக்கூடியதே என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்மையற்ற நோக்கம் இருந்தாக வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பருப்பொருள் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், சொத்தின் பொருள் விரிந்த அளவுக்கு இடம் குறித்த விதிகள் தெளிவடையவில்லை.

திருட்டு வழக்கைக் குற்றம் நடந்த இடத்தில் மட்டுமன்றி, திருட்டுப் பொருள் வைத்திருக்கப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம். நம்பிக்கை மோசடி என்றால், பொருளை ஒப்படைக்கவோ கணக்குக் காட்டவோ வேண்டிய இடத்திலும் விசாரிக்கலாம். நகைக்கும் ரொக்கத்துக்கும் இது பொருந்தும். ஒரே நொடியில் பத்து ஊர்களில் இருக்கக்கூடிய தகவலுக்கு?

இந்தக் குழப்பம் இரு தரப்பையும் பாதிக்கிறது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் கூறினாலும், விசாரணை எங்கே என்ற வாதத்திலேயே சிறு தொழில்முனைவோரின் காலமும் பணமும் கரைந்துவிடும். பெரு நிறுவனமோ, வேலையை விட்டு விலகிய ஊழியரைத் தொலைதூர ஊருக்கு இழுத்தடிக்க இதையே கருவியாக்கலாம்.

எல்லை தாண்டினால் சிக்கல் மேலும் கூடுகிறது. இந்தியாவிலுள்ள கணினி தொடர்புடையதானால் வெளிநாட்டில் நடந்த குற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தும். எனினும், இந்தியர் வெளிநாட்டில் புரிந்த குற்றத்தை இங்கு விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி தேவை. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு பொருளாதார உளவுச் சட்டமோ, குற்றத்தை முன்னெடுக்கும் ஒரு செயல் தன் மண்ணில் நடந்திருந்தாலே போதும் என்று வெளிப்படையாக வரையறுத்துள்ளது.

வணிக ரகசியங்களுக்குத் தனிச் சட்டம் தேவை என 22-ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. முறைகேட்டை அம்பலப்படுத்துவோருக்கு விலக்கு அளிக்கவும் கூறியது. அந்தப் பரிந்துரையை நாடாளுமன்றம் ஆராயும்போது, வழக்கின் இடத்தையும் வரையறுக்க வேண்டும். நகலெடுத்த இடம் தெரிந்தால் அங்கு. தெரியாவிட்டால் நிறுவனத்தின் முதன்மைப் பணியிடத்தில் என்பதே நியாயமான விதியாக இருக்கும். எந்த ஊர் என்பதைச் சட்டம் முடிவு செய்யாவிட்டால், பணபலம் முடிவு செய்யும்.