ரிப்போர்ட்டில் எல்லாமே தடித்த எழுத்து என்றால், எது ஆபத்து?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் கிட்னி பிரச்சனை, சுகர், பிரஷர் உள்ளவங்க இருந்தா பொறுமையா படிங்க.

போன கோடையில் ஒரு நைட் டியூட்டி. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து அறுபது வயசு தாண்டிய ஐயா ஒருத்தரை மகன் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தார். "காலையிலேருந்து கை கால் ஒரே அசதி சார், நடக்கவே முடியல." கையில் நாலு பக்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மதியமே வந்துவிட்டதாம். "பார்த்தோம் சார், ரத்தம் கொஞ்சம் கம்மின்னு இருக்கு. நாளைக்குக் காட்டலாம்னு இருந்தோம்."

அவர் மேல் தப்பே இல்லை. முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் தடித்த எழுத்து. எம்.சி.வி. தடித்த எழுத்து. ஆர்.டி.டபிள்யூ., ஈசினோஃபில் எல்லாமே தடித்த எழுத்து. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 14 இடம். மூணாவது பக்கத்தின் நடுவில் பொட்டாசியம் 6.9. அதுவும் அதே தடிமன், அதே அளவு.

பொட்டாசியம் பொதுவாக 3.5 முதல் 5 வரைதான் இருக்கணும். 6.9 என்றால் இதயத்துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகி நின்றுபோகலாம். ஈசிஜி எடுத்தால் அதன் அடையாளம் அப்படியே இருந்தது. கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸ், அப்புறம் டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். ஏற்கெனவே கிட்னி பாதிப்பு, பிரஷருக்கு எனாலாப்ரில் மாத்திரை, அதோடு வெயிலுக்கு நல்லதுன்னு தினம் ரெண்டு இளநீர். மூணும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றிவிட்டது. (கிட்னி நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்காதீங்க. இதுக்கே தனி இழை போடணும்.)

ஏன் இத்தனை தடித்த எழுத்து? ‘நார்மல்’ எல்லை என்பதைப் பெரும்பாலும் ஆரோக்கியமானவங்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படிதான் வகுக்கிறாங்க. அதாவது நல்லா இருக்கிற 100 பேரில் 5 பேர் எப்படியும் வெளியே நிற்பாங்க. ஒருத்தருக்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஏதாவது ஒன்றிலாவது ‘கூட’ அல்லது ‘கம்மி’ என்று வர சுமார் 64 சதவீத வாய்ப்பு. மாஸ்டர் செக்கப் செய்துவிட்டு நமக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தூங்காமல் ஓபிக்கு வரும் கூட்டம் இப்படித்தான் உருவாகுது.

சாதாரண விலகல் வேறு, உயிராபத்து வேறு. உயிராபத்து அளவுகளை லேப் உடனே டாக்டருக்குச் சொல்லணும் என்ற யோசனையை அமெரிக்காவில் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1972லேயே எழுதிவிட்டார். லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரமும் அதைக் கேட்கிறது. கம்ப்யூட்டரிலும் இதற்கு இடம் இருக்கு. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஹெச்.எல்.7 தரத்தில் ‘ஹெச்’ என்றால் அதிகம், ‘ஹெச்ஹெச்’ என்றால் ஆபத்தான அளவுக்கு அதிகம். 2021ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இதே குடும்பத்தின் ‘ஃபயர்’ முறையைத்தான் எடுத்திருக்கு.

தகவலில் பிரித்து வைக்க வழி இருந்தும், அச்சில் வரும்போது ரெண்டையும் ஒரே தடிமனாக்கிவிடுகிறோம். நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. மென்பொருள் எழுதும் நண்பர்கிட்ட கேட்டேன். ரிப்போர்ட் ஒன்றுதான், அதற்கு எந்தச் சட்டை போடுவது என்பதைச் சொல்வது ஸ்டைல் ஷீட் என்றார். ஒரு மாதிரி ரிப்போர்ட்டில் நாலைந்து வரி மாற்றினார். ‘ஹெச்’ சாதாரண எழுத்தில் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு நின்றது. ‘ஹெச்ஹெச்’ பெரிய எழுத்தில், தடித்த கட்டத்துக்குள், ‘உடனே டாக்டரைப் பார்க்கவும்’ என்ற தமிழ் வரியோடு முதல் பக்கத்தின் உச்சிக்கு வந்தது. அளவுகளில் ஒரு புள்ளி மாறவில்லை.

சிவப்பு நிறம் மட்டும் போதாதான்னு கேட்பீங்க. நம்ம ஊரில் ரிப்போர்ட் முதலில் போவது ஜெராக்ஸ் கடைக்கு. அங்கே சிவப்பும் கருப்பாகிடும். கட்டமும் வார்த்தையும்தான் தப்பிக்கும்.

சக டாக்டர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வாங்க, நியாயமானது. ரத்த மாதிரி உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாகவே கூடக் காட்டும். செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ பைக்கில் குலுங்கி வரும் மாதிரியில் அது நடக்கக்கூடியதுதான். ஆனா சந்தேகம் இருந்தா திரும்ப ரத்தம் எடுக்கலாம், ஈசிஜி பார்க்கலாம். அதுக்கு அந்த எண் முதலில் யார் கண்ணிலாவது படணுமே! எல்லாத்தையும் கட்டம் கட்டினால் பழைய கதைதான். டயாலிசிஸ் நோயாளிக்கு கிரியாட்டினின் 8 என்பது தினசரி நிலவரம். பொட்டாசியம், சோடியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தட்டணு, இந்த மாதிரி சிலது போதும். எந்த அளவில் கட்டம் என்பதை அந்த லேப் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதுவரைக்கும், கிட்னி பாதிப்பு உள்ளவங்க ரிப்போர்ட் வாங்கும்போதே "பொட்டாசியம் எவ்வளவு, உடனே டாக்டரைப் பார்க்கணுமா?"ன்னு கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்க. 6க்கு மேல் என்றால் விடியட்டும்னு காத்திருக்காம பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க. வண்டி இல்லைன்னா 108.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் லேப் வைத்திருக்கும் நண்பர்கள், லேப் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் கீழே பதில் போடுங்க. அந்த நாலைந்து வரியை அனுப்பி வைக்கிறேன்.