பரம்பரை என்னும் சாட்டு

“நமது பரம்பரையே குள்ளந்தானே!” தோட்டத்துப் பிள்ளையின் எடையும் உயரமும் குறைந்திருக்கக் காணும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் இது. எழுத்து வராத பிள்ளைக்கும் இதே தீர்ப்புத்தான்: “அப்பனே படிக்கவில்லை, மகனுக்கு எங்கே வரும்?” பழியைப் பாட்டன் தலையில் ஏற்றிவிட்டால் நமது வேலை குறைந்துவிடுகின்றது அல்லவா?

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் வாழும் நமக்கு இதற்கான மறுமொழி காலடியிலேயே உண்டு. ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்க்கப்படும் வீ.பி. தேயிலையில் செடிக்குச் செடி பரம்பரை வேறுபாடு இல்லை. ஆயினும் மேல்மண் கழுவுண்ட சரிவிலே அது சோர்ந்து நிற்கின்றது. மண்வளமுள்ள இடத்திலே தழைக்கின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித்தந்த நறுமணமும் ஆண்டு முழுவதும் வாய்ப்பதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் வீசும் வறண்ட காற்றிலேதான் அது கொழுந்தில் ஏறுகின்றது. செடி அதே செடிதான்; காற்றுத்தான் வேறு.

பிள்ளைகளின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்ற பிள்ளைகளை அளந்து பார்த்தது. ஐந்து வயது வரையில் அவர்கள் ஏறக்குறைய ஒரே விதமாக உயர்ந்தனர். 2006ஆம் ஆண்டில் வெளியான உலக வளர்ச்சி நியமங்கள் இந்த ஆய்விலிருந்தே பிறந்தன.

நமது நாட்டின் கணக்கு இன்னும் தெளிவானது. ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2006/07 ஆய்வில் நூற்றுக்கு 40 பேர். 2016இல் 32 பேர். அந்த ஆண்டில் நாடு முழுவதற்குமான அளவோ 17தான். பத்தாண்டுக்குள் ஒரு சமூகத்தின் பரம்பரை மாறிவிடுமா? மாறியது வேறு, இன்னும் மாற வேண்டியதும் வேறு.

பரம்பரை பொய் என்பது நமது வாதமன்று. நெடிய பெற்றோருக்கு நெடிய பிள்ளை பிறப்பதை நாமே காண்கின்றோம். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணி கூடையுடன் மலையேறிவிட்டு, வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பது பரம்பரையா? இதைச் சொல்லி அந்த ஏழைத் தாயையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் அநியாயம். நாட்சம்பளத்தையும் லயக் காம்பராவையும் அவள் தெரிவு செய்யவில்லை. கணவனும் மாமியாரும் அவளுக்கு முதற்சோற்றைப் பரிமாறலாமே! அதற்கு எந்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்?

இயேசு பாலன் உடலிலும் ஞானத்திலும் வளர்ந்ததாக எழுதும் லூக்கா, அவர் நாசரேத்தில் பெற்றோருக்குப் பணிந்து வாழ்ந்ததையும் சேர்த்தே எழுதுகின்றார். இறைமகனுக்கும் வளர்வதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. நமது பிள்ளைகளோ பகற்பொழுதைப் பிள்ளை மடுவத்தில் கழிக்கின்றனர். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்கின்றோம். அந்தப் பிள்ளையோடு பேச, கதை சொல்ல, அதன் கேள்விக்குப் பதில் கூற ஆள் உண்டா என்று எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?