ஜவ்வுத் தேய்மானத்தை இரத்தம் சொல்லுமா?

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இரத்தப் பரிசோதனை இருப்பதைப் போல, முதுகு ஜவ்வுத் தேய்மானத்துக்கும் ஒன்று இல்லையா என்று நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி நடந்துவருகிறது, ஆனால் சிகிச்சையை முடிவு செய்ய உதவும் அளவுக்கு நிறுவப்பட்ட பரிசோதனை எதுவும் இன்னும் வரவில்லை. அப்படியொன்று இருப்பதாகக் கூறி எவரேனும் விற்க முன்வந்தால், அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையே பேச்சுவழக்கில் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் சொல்கிறோம். நடுவில் நீரைத் தேக்கிவைக்கும் கூழ் போன்ற பகுதி. சுற்றிலும் உறுதியான நார் வளையம். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்தே ஊட்டம் மெல்ல ஊறி உள்ளே செல்கிறது. கழிவும் அவ்வாறே வெளியேறுகிறது. எனவே வட்டு சிதையும்போது உண்டாகும் புரதத் துணுக்குகள் இரத்தத்தை எளிதில் வந்தடைவதில்லை. வந்தடைந்தாலும் அவை எங்கிருந்து வந்தவை என்று பிரித்தறிவது கடினம். வட்டில் உள்ள இரண்டாம் வகைக் கொலாஜன் முழங்கால் குருத்தெலும்பிலும் உள்ளது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 ஆகியவையோ சளிக்காய்ச்சலிலும் ஈறு நோயிலும் உடற்பருமனிலும்கூட உயரக்கூடும்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று உண்டு. தேய்மானம் வேறு, வலி வேறு. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன்படி, வலியற்ற 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஆகவே, தேய்மானத்தை மட்டும் துல்லியமாகக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று நாளையே வந்தாலும், வயதாகிறது என்பதற்கு மேல் அது பலருக்கு எதையும் சொல்லாது.

ஆனால் அது தரும் அச்சம் சிறியதாக இராது. அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைக் கண்டதுமே, "குனியாதே, தூக்காதே, படுத்தே இரு" என்று வீட்டார் அன்போடு தடுக்கத் தொடங்குகின்றனர். அசைவு குறையக் குறையத் தசைகள் வலுவிழக்கின்றன. வலி நீடிக்கவும் அதுவே வழிசெய்கிறது.

அப்படியானால் ஆராய்ச்சியே வீண் என்கிறோமா? இல்லை. யாருடைய வலி மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும், யாருக்கு அறுவை சிகிச்சை பலன் தரும் என்பவற்றை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வந்தால் முதலில் வரவேற்பவர்கள் நாங்களாகவே இருப்போம். புதிய பரிசோதனை எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "இதன் முடிவால் என் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாறாது என்றால் அது உங்களுக்குத் தேவையில்லை.

இதனால் முதுகுவலிக்கு இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று பொருள்கொள்ளக் கூடாது. முதுகெலும்புக் காசநோய், பிற தொற்றுகள், புற்றுநோய், முதுகெலும்பை இறுக்கும் அழற்சி வாதம் ஆகியவற்றில் எதையேனும் ஐயுறும்போது மருத்துவர் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., எச்.எல்.ஏ.-பி27 போன்ற பரிசோதனைகளை எழுதுவார். அவற்றைத் தவிர்க்காதீர்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவில் ஓயாத வலி ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால்களில் வலுவிழப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். திடீரென வரும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். இயன்ற அளவு நடமாடுங்கள், புகையை விடுங்கள், எடையைக் கட்டுக்குள் வையுங்கள். மருத்துவரைக் காண வரும்போது வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இன்றைக்கு எந்த இரத்தத் துளியையும்விட அந்தக் குறிப்பே எங்களுக்கு அதிகம் சொல்லும்.