சம்பளக் கணினி பிழைவிட்டால் யாரிடம் போவது?

என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவர். அவர் ஓய்வுபெற்ற வருடத்தில் இறம்பொடையிலிருந்து ஒரு காரியாலயத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறினோம் என்பதற்குக் கணக்கில்லை. பிரச்சினை சின்னது. பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் ஒரு விதமாகவும் நியமனக் கடிதத்தில் வேறு விதமாகவும் இருந்தது. பிறப்பைப் பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது, போய்ச் சொன்னவருக்குச் சிங்களம் தெரியாது. அந்த ஓரெழுத்து வித்தியாசத்தால் ஓய்வூதியம் எட்டு மாதம் பிந்தியது.

கடைசியில் அதைத் தீர்த்து வைத்தவர் ஒரு முகாமைத்துவ உதவியாளர். அம்மாவின் சுயவிபரக் கோவையை மேசையில் விரித்து, முதல் தாளிலிருந்து வாசித்தார். நடுவில் ஒரு பழைய சத்தியக் கடதாசி கிடைத்தது. “ரெண்டும் ஒரே ஆள்தான் டீச்சர்” என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. வேலை அவ்வளவுதான்.

அரச ஊழியர் எல்லோருடைய சம்பளத்தையும் சுயவிபரங்களையும் ஒரே மத்திய டிஜிட்டல் முறைமைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வருகிறது.

நான் இந்த மாற்றத்துக்கு எதிரானவள் அல்ல. இன்றைய ஏற்பாட்டின் குறைகள் அரச சம்பளம் வாங்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். இலங்கையில் அரச சம்பளம் கணினியில் தயாராவது புதிதல்ல. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சம்பளப் பட்டியலைத் தானே தயாரிக்கிறது. சுயவிபரக் கோவையோ இன்னமும் நூல் கட்டிய கடதாசிக் கட்டு. ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால், கோவை பின்னால் வந்து சேரும்வரை சம்பள ஏற்றமும் நிலுவையும் காத்திருக்கும். கோவை தொலைந்தால் மனிதரே தொலைந்த மாதிரி.

2025 வரவுசெலவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் அந்த 15,750 ரூபாவும் ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு ஊழியரின் தரம், படிநிலை, சேவைக்காலம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு காரியாலயமும் மூன்று தடவை கணக்குப் பார்க்க வேண்டும். பத்து இலட்சத்துக்கும் அதிகமான அரச ஊழியர்கள் உள்ள நாட்டில் இதை ஒரே முறைமையில் செய்வது புத்திசாலித்தனமானது. இல்லாத ஆளுக்குச் சம்பளம் போவதையும், இருக்கும் ஆளுக்குப் போகாமல் விடுவதையும் குறைக்கலாம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதையும் ஒரே பார்வையில் காணலாம். அந்தக் கடைசி விடயம் மலையகத்துக்கு மிகவும் தேவையானது.

ஆகவே முறைமை வர வேண்டும். அது பிழைவிடும்போது திருத்தும் அதிகாரம் யாரிடம், எவ்வளவு தூரத்தில், எந்த மொழியில் இருக்கும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கனடாவில் இருக்கும் நம்மவர்களிடம் “பீனிக்ஸ்” என்று சொன்னால், அரச வேலையில் உள்ளவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கனடிய மத்திய அரசு தன் ஏறத்தாழ 290,000 ஊழியர்களின் சம்பளத்தை ஒரே முறைமைக்குள் கொண்டுவரத் தொடங்கியது 2016 பெப்ரவரியில். வருடத்துக்கு 70 மில்லியன் டொலர் மீதப்படும் என்றார்கள். அந்தச் சேமிப்பு எங்கிருந்து வரும்? திணைக்களங்களில் இருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர்களின் இடத்தில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறுநகரில் 550 பேர் கொண்ட ஒரு மத்திய நிலையம். முறைமை ஓடத் தொடங்கியதும் சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. 2017 நடுப்பகுதியில் 150,000க்கும் அதிகமான ஊழியர்களின் சம்பளப் பிரச்சினைகள் தீர்க்கப்படாமல் குவிந்திருந்தன. 2018 இல் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் இதை விளங்கிக்கொள்ள முடியாத தோல்வி என்றே வர்ணித்தார்.

மென்பொருளில் குறை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறையைக் கண்டு, கையால் திருத்தி, மாதக் கடைசிக்குள் ஊழியரின் பணத்தைச் சேர்ப்பிக்கக்கூடிய அனுபவசாலிகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியதுதான் பெரிய காயம். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையின் சம்பள முறைமையும் 2010 இல் இதேபோல் சரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் தாதியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தார்கள். மாறும் நேரவேலை, மேலதிக நேரம், விடுமுறைக் கொடுப்பனவு எனச் சிக்கலான கணக்கு உள்ளவர்களே இப்படியான முறைமைகளில் முதலில் விழுகிறார்கள்.

கிட்டத்தில் உள்ள உதாரணம் தமிழ்நாடு. அங்கே ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 9 இலட்சம் அரச ஊழியர்களின் சம்பளப் பட்டியலோடு, அவர்களின் பணிப்பதிவேடுகளையும் கணினிக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். பின்னர் அது “களஞ்சியம்” என்ற பெயரில் கைத்தொலைபேசிச் செயலியாகவும் வந்தது. நெளிவு சுளிவுகள் இல்லாமல் அது ஓடவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. ஊழியர் தன் பதிவைத் தானே, தன் மொழி தெரிந்த காரியாலயத்தின் உதவியோடு பார்க்கலாம். மேசையில் இருப்பவர் தமிழர்.

நம் நாட்டில் அந்த வசதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகள் என்கிறது. ஆனால் அரச பதிவேடுகளைப் பேணும் மொழி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ், ஏனைய மாகாணங்களில் சிங்களம் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. நுவரெலியா மாவட்டம் மத்திய மாகாணத்தில் இருக்கிறது. இருமொழிப் பிரதேசப் பிரகடனங்கள் வந்தும் மேசையில் தமிழ் தெரிந்தவர் இருப்பது இன்னமும் அதிர்ஷ்டம்தான். எல்லாப் பதிவுகளும் கொழும்பில் உள்ள ஒரே தரவுத்தளத்துக்குப் போனால், இறம்பொடை ஆசிரியையின் பதிவு எந்த மொழியில் இருக்கும்? கிளிநொச்சி உத்தியோகத்தரின் பதிவு? தமிழில் பதிவு வைத்திருக்கும் அரசியலமைப்பு உரிமை வடக்கு கிழக்குக்கு உண்டு. ஒரு மென்பொருள் ஒப்பந்தத்தால் அது சத்தமில்லாமல் கரைந்துபோகக் கூடாது.

பெயர் பிரச்சினை எங்களுக்குப் பழையது. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சமூகம் நாங்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எங்கள் ஆவணங்கள் தோட்டக் காரியாலயம், பதிவாளர், பாடசாலை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எழுத்தில் எழுதப்பட்டன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு, அங்கே யுத்தத்தில் அந்தக் கடதாசிகளும் போயின. அவர்களின் பிள்ளைகள் இன்று அரச ஊழியர்கள். பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகப் பொருந்தினால் மட்டுமே சம்பளம் என்று ஒரு கணினி சொன்னால், முதலில் தடைபடுவது யாருடைய சம்பளம் என்று யோசியுங்கள்.

பதவிப் பெயரும் அப்படித்தான். 2014–2015 காலப்பகுதியில் தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டனர். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. வகுப்பில் முழு ஆசிரியரின் வேலை. பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்ட திகதி ஒவ்வொருவருக்கும் வேறு. என் பாடசாலைத் தோழி அவர்களில் ஒருத்தி. “என்ட சேவைக்காலம் எந்தத் திகதியில இருந்து தொடங்குதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்றாங்க” என்பாள். தரவு உள்ளிடும் ஒருவர் ஒரு பெட்டியில் போடும் ஒரு திகதி, அவளுடைய பதவி உயர்வையும் ஓய்வூதியத்தையும் தீர்மானித்துவிடும். அதைப் போடுவதற்கு முன் அவளிடம் காட்டுவார்களா?

இன்னொரு பெட்டியும் இருக்கிறது. சேவை முடிந்த காரணம். ஓய்வு, இராஜினாமா, மரணம், பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படல். காணாமல் ஆக்கப்பட்ட ஓர் அரச ஊழியர் இவற்றில் எதற்குள் வருவார்? மரணச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்களின் போராட்டத்தால்தான், 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. புதிய முறைமையில் அதற்கென ஒரு குறியீடு வேண்டும். இல்லையென்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காக, கணவர் இறந்துவிட்டார் என்று மனைவியே “சரி” போட வேண்டிய நிலை மீண்டும் வரும். ஒரு படிவத்தில் அது ஒரு கட்டம். அந்தப் பெண்ணுக்கு அது தோற்றுப்போவது.

பாதுகாப்பையும் கேட்க வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணிமை மீது நடந்த கப்பம் கோரும் இணையத் தாக்குதலில், அரச மின்னஞ்சல்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு மீட்பதற்கான மறுபிரதி இருக்கவில்லை. மூன்று மாத மின்னஞ்சல் போனதைத் தாங்கலாம். மூன்று மாதச் சேவைப் பதிவு போனால்? 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது எங்கள் பக்கம் வீதியும் இல்லை, மின்சாரமும் இல்லை, தொலைபேசி அலைவரிசையும் இல்லை. இணையத்தில் மட்டுமே வாழும் ஒரு காரியாலயம் அந்த நாட்களில் மூடிய காரியாலயம்.

பட்டியல் என்ற சொல்லே நம்மில் பலருக்குப் பயம் தரும். 1983 இல் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களை நம் பெற்றோர் மறக்கவில்லை. முகவரி, குடும்ப விபரம், இனம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போது, அதை யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவு சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தெரிய வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதோ பிற்போடப்பட்டது. சட்டம் முதலில், தரவுத்தளம் பிறகு என்பதே சரியான ஒழுங்கு.

ஆகவே தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு ஊழியரின் பதிவும் அவருடைய மொழியில் அச்சிட்டு அவர் கையில் தரப்பட்டு, அவர் ஒப்பமிட்ட பிறகே உள்ளிடப்பட வேண்டும். பழைய முறை குறைந்தது ஒரு வருடம் கூடவே ஓட வேண்டும். தரவு பொருந்தவில்லை என்பதற்காக எவருடைய சம்பளமும் நிறுத்தப்படக் கூடாது. விசாரணை முடியும்வரை முந்திய மாதச் சம்பளம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தும் அதிகாரம் வலயக் கல்வி அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் இருக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் கையில்.

அம்மா தன் சம்பளச் சீட்டுகளை இன்னமும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். இதெல்லாம் இனிமேல் கணினியில் இருக்கும், எறியலாம் என்றேன். “கணினி வரட்டும். இது கிடக்கட்டும்” என்றார். நான் எறியவில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளதை எறிய வேண்டாம்.